மில்லை இடிப்பதற்கு முன் கூரையில் ஏறிப் பாருங்கள்

கோவையில் பழைய மில் என்று பேச்செடுத்தாலே இரண்டு யோசனைதான் வருகிறது. ஒன்று, தரைமட்டமாக்கி அடுக்குமாடி கட்டுவது. இன்னொன்று, புகைபோக்கியையும் முன்வாசலையும் மட்டும் விட்டுவைத்து, பாரம்பரியத்தைக் காத்துவிட்டோம் என்று பலகை மாட்டுவது. இரண்டாவதையும் இடிப்புக் கணக்கில்தான் சேர்ப்பேன். நூல் ஓடிய ஷெட்தான் மில். வாசல் அதற்குப் போட்ட கதவு, அவ்வளவே.

பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ் என்று தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. தொழிலாளிக்குச் சேரவேண்டியது முதலில் சேரட்டும், அதில் பேரமே கிடையாது. அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது கட்டடங்களைப் பற்றியும் பேச நாலு பேர் வேண்டும்.

1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்நிலையத்து மின்சாரம் வந்த பிறகு எழுந்த கோவை மில்களுக்கு நீராவி எஞ்சினைச் சுற்றி மாடி மேல் மாடி கட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பெரும்பாலும் ஒற்றைத் தளமாகப் பரந்து கிடக்கின்றன. ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் நார்த் லைட் கூரை. தெற்கே நீண்ட சரிவில் ஓடு, வடக்கே செங்குத்தாகக் கண்ணாடி. பகல் முழுக்க ஒரு விளக்கும் போடாமல் நூலின் முறுக்கைப் பார்த்து வேலை செய்யக் கிடைத்த வெளிச்சம் அது. நூலகம், பயிற்சிக்கூடம், ஓவியக்கூடம், சிறு பட்டறைகள் எல்லாவற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான கூரையை இன்று புதிதாகக் கட்ட யாரும் காசு செலவழிக்க மாட்டார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கூரை இங்கிலாந்தின் வெயிலுக்கு யோசித்தது. அங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போகாது. கோவை இருப்பது 11 பாகை அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம்வரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்தே விழும், ஜூன் 21 அன்று கிட்டத்தட்ட பன்னிரண்டரை பாகை. கண்ணாடி செங்குத்தாக இருந்தால் ஒரு மீட்டர் உயரத்துக்கு 22 சென்டிமீட்டர் கூரை விளிம்பை நீட்டினால் உச்சி வெயில் உள்ளே வராது. ஒன்றரை மீட்டர் கண்ணாடிக்கு 33 சென்டிமீட்டர். காலை, மாலைச் சாய்வெயிலுக்குப் பக்கவாட்டில் நிற்கும் தடுப்புப் பலகைகள் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல், சூடாக இருக்கிறது என்று கண்ணாடியையே அடைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏசி மாட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கட்டடத்தின் உயிரை எடுத்துவிட்டு அதற்கு மின்கட்டணமும் கட்டுகிற வேலை அது.

அடுத்தது தண்ணீர். பழைய ஷெட்டைக் கொல்வது வயது அல்ல, இரண்டு பற்களுக்கு நடுவே ஓடும் தகர வாய்க்கால். ஒரு பல் 7 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் என்றால் 280 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் அந்த ஒரு வாய்க்காலுக்கு மணிக்கு 28,000 லிட்டர் வரும், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8 லிட்டர். ஒரே ஒரு நாலு அங்குலக் குழாய் இதை வாங்காது. இரண்டு முனையிலும் ஆறு அங்குலக் குழாய் வேண்டும். அது அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வெளிப்பக்கமே வழிய, வாய்க்காலின் முனையில் ஒரு வெட்டு வேண்டும். அந்த வெட்டு இல்லாத ஷெட்டில் ஒரு வேப்பங்கிளை போதும், தண்ணீர் உள்ளே திரும்பிச் சுவருக்குள் இறங்கிவிடும்.

பல பழைய ஷெட்களில் உள்ளே நிற்கும் வார்ப்பிரும்புத் தூண் உட்குழலானது, மழைத் தண்ணீர் அதன் வழியாகவே கீழே இறங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே அடி வரை துரு. தூணைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே கீழே வாருங்கள். கணீரென்று கேட்ட சத்தம் தரையிலிருந்து ஓரடிக்குள் மொத்தென்று மாறினால் உள்ளே சேறோ துருவோ அடைத்திருக்கலாம். அதை உறுதிசெய்ய, ஒரு சிறு துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டு, தூணைத் தாங்கும் வேலைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் மட்டும் வைக்கவே கூடாது. சூட்டில் விரிசல் விடும், அந்த விரிசல் பல சமயம் கண்ணுக்கும் தெரியாது. எதையாவது பிடிப்பிக்க வேண்டுமென்றால் சுற்றி இறுக்கும் கிளாம்ப் போதும்.

கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸில் எதையும் தொங்கவிடுவதற்கு முன்பும் கணக்குப் போட வேண்டும். அந்த டிரஸ் மேலே உள்ள ஓடுகளையும் காற்றையும் தாங்கச் செய்தது. ஏசி காற்று போகும் டக்ட் குழாயை அதன் கம்பியின் நடுவில் மாட்டினால் கம்பி வளையும். மாட்டியே ஆகவேண்டுமென்றால் கம்பிகள் சந்திக்கும் முடிச்சுகளில் மட்டும், அதுவும் எஞ்சினியர் கையெழுத்தோடு. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மங்களூர் ஓட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய தகரம் போடுகிறார்கள். சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் இருந்த எடை ஐந்தாறு கிலோவாகிறது. பாரம் குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காற்று அதைத் தூக்கும், டிரஸ்ஸைச் சுவரோடு பிடித்திருக்கும் பழைய போல்ட் அந்த இழுப்புக்குப் போட்டதல்ல.

சுவர்களைப் பற்றிச் சொன்னால் கோபம் வருகிறது. செங்கல் தெரிந்தால் அழகு என்று காரையை உரித்து, மணல் வீசித் தேய்த்து, மேலே பளபள வார்னிஷ் அடிக்கிறார்கள். காரைக்கு உள்ளே இருக்கவே அறுத்த நாட்டுச் செங்கல் அது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டால் மாவாகக் கொட்டும். சிமென்ட் பூசுவதும் அதே கேடுதான். தரையிலிருந்து ஏறும் ஓதம் சிமென்டைத் தாண்டி வெளியேற முடியாமல் செங்கலுக்குள்ளேயே உப்பைப் பூக்கவைக்கும், சில மழைக்காலத்தில் செங்கல் ஏடு ஏடாகப் பெயரும். சரியான வழி பழைய வழிதான். இடுக்குச் சாந்தை 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டியெடுத்து, ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அடைக்க வேண்டும். பூச்சு ஒரு தடவைக்கு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கடுக்காய், வெல்லத் தண்ணீர் ஊறவைத்துக் கலக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதும் இந்தப் பணியில் சேர்ந்ததுதான்.

தரைக்குக் கீழே ஒரு புதையல் இருக்கிறது. ஈரப்பதக் காற்றைத் திரும்ப இழுக்கப் பல நூற்பாலைகளில் தரைக்கடியில் ஆள் இறங்கும் அளவு வாய்க்கால் ஓடும். அதை மண் போட்டு மூடுகிறார்கள். கேபிள், தண்ணீர்க் குழாய், குளிர்காற்று மூன்றையும் அதில் விட்டால் கூரையில் ஒன்றுமே தொங்கவிட வேண்டாம். ஆனால் எண்ணெய் ஊறிய தரையில் டைல்ஸ் ஒட்டாது; மேல்பரப்பைச் செதுக்கி எடுத்த பிறகுதான் ஒட்டும். சாயப்பட்டறை, பாய்லர், டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடங்களில் மண்ணைச் சோதிக்காமல் குழந்தைகள் விளையாட விடாதீர்கள்.

தீ விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கேட்காதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி சாதாரணத் தொழிற்சாலையில் வெளிவாசலுக்கு 45 மீட்டர் நடக்கலாம். அதே ஷெட் மக்கள் கூடும் இடமானால் 30 மீட்டர்தான். 1,000 சதுர மீட்டரை அலுவலகமாக்கினால் உள்ளே இருப்போர் கணக்கு 100 பேர், உணவகமாக்கினால் அதைப்போலப் பல மடங்கு. கட்டடம் அதேதான், வாசல் மட்டும் போதாமல் போகிறது. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு தாண்டி மும்பை கமலா மில்ஸ் வளாகத்து மொட்டைமாடி உணவகங்களில் 14 பேர் இறந்ததை மறந்துவிட்டு இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

மும்பையிலிருந்து இன்னொன்றும் படிக்க வேண்டும். அங்கே 1991 விதிப்படி மில் நிலத்தை மறுபடி கட்டினால் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-இல் அதைத் திருத்தி, காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும், கட்டடம் நின்ற இடம் கணக்கில் வராது என்றாக்கினார்கள். உச்ச நீதிமன்றமும் 2006-இல் அதை ஏற்றது. இடித்த இடம் முழுக்க உரிமையாளருக்கே என்றான பிறகு எந்த ஷெட் நிற்கும்? கோவைக்கு விதி எழுதும்போது ஷெட்டை வைத்திருப்பவருக்கு லாபம் வரும்படி எழுதுங்கள். நிற்கும் ஷெட்டின் பரப்புக்கு ஈடாக வளாகத்தின் காலி மூலையில் உயரமாகக் கட்ட அனுமதி கொடுக்கலாம்.

முடிவு எடுக்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. அதுவரை பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மில்லிலும் அக்டோபர் மழைக்கு முன் கூரை வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள், உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். வெறுமனே வெட்டினால் அரசு மறுபடி துளிர்க்கும், அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவிக் காய்ந்த பிறகுதான் பிடுங்க வேண்டும். ஒரு ஷெட்டுக்கு நாலு ஆட்கள், ஒரு வாரம்.