கறிவேப்பிலைக் கன்றும் கடலில் விழுந்த எல்லையும்

2021 கோடையில் பெல்ஃபாஸ்டில் இருக்கும் தோழி என்னிடம் ஒரு கறிவேப்பிலைக் கன்று கேட்டாள். லண்டனில் என் சமையலறை ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றை நன்றாகச் சுற்றி எடுத்துக்கொண்டு பார்சல் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார். வட அயர்லாந்துக்குச் செடி போக நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும், வேரில் மண் இருந்தால் அதுவும் முடியாது என்றார். ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட், ஒரே பவுண்டு. என் தொட்டி மண் மட்டும் அந்நிய மண் ஆகிவிட்டது.

அன்றைக்குக் கோபம் வந்தது. அப்புறம் விதிகளைத் தேடிப் படித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள். வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் இருக்கவே விரும்பினார்கள். விலகினால் இரண்டு சந்தைகளுக்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில் சரக்கைச் சோதிக்கத்தான் வேண்டும். அயர்லாந்துத் தீவில் வட பகுதி பிரிட்டனோடு சேர்ந்தது, தெற்கே இருக்கும் அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்திலேயே இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் சோதனை அந்தத் தீவின் குறுக்கே ஓடும் எல்லையில் வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளம், 200க்கும் மேற்பட்ட சாலைகள்.

டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு ஒருமுறை பஸ்ஸில் போனேன். எல்லை வந்ததே தெரியவில்லை. சாலையோர மஞ்சள் கோடு வெள்ளையானது, பலகைகளில் கிலோமீட்டர் மைலானது, அவ்வளவுதான். பக்கத்து சீட்டுப் பெரியவர் தூக்கத்திலிருந்து விழிக்கக்கூட இல்லை. ஒரு காலத்தில் அங்கே ராணுவச் சாவடிகளும் காவல் கோபுரங்களும் இருந்தன. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற முப்பது வருட மோதலில் 3,500 பேருக்கு மேல் செத்த பிறகு, 1998 புனித வெள்ளி சமாதான உடன்படிக்கைக்குப் பின்தான் அவை போயின. அந்தப் பெரியவரின் தூக்கத்தை யாரும் கெடுக்கக் கூடாது. அதனால் விலகல் உடன்படிக்கையின் பகுதியான வட அயர்லாந்து நெறிமுறையில், சோதனையைப் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலுக்குத் தள்ளி, வட அயர்லாந்தின் லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் வைத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

சரியில்லாதது, அதை மக்களிடம் மறைத்தது. 2019 நவம்பரில் பிரதமர் போரிஸ் ஜான்சன் வட அயர்லாந்து வியாபாரிகளிடம், யாராவது படிவம் கேட்டால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்றார். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டவரே சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? 2021 ஜனவரியில் படிவங்கள் வந்தன. பிரிட்டனிலிருந்து போகும் குளிரூட்டிய சாசேஜுக்கே தடை வருமா என்று பெரிய சண்டை. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி, கொரோனா தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதற்காக, ஒரு தரப்பு தானாகவே விதிகளை நிறுத்திவைக்க இடம் தரும் நெறிமுறையின் 16ஆவது பிரிவைக் கையிலெடுக்கப் பார்த்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. அந்த ஒரு மாலை பெல்ஃபாஸ்டில் எவ்வளவு நம்பிக்கையைக் கெடுத்தது என்று தோழி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2022 பிப்ரவரியில், பிரிட்டனோடு இருக்க விரும்பும் டியுபி கட்சி இந்தக் கடல் எல்லையை எதிர்த்து வட அயர்லாந்து ஆட்சியை விட்டு வெளியேறியது. இரண்டு வருடம் அங்கே முழுமையான அரசாங்கம் இல்லை. தோழி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசை நீண்டது, பெரிய முடிவுகள் எடுக்க அமைச்சரவை இல்லை.

2023இல் லண்டனும் பிரஸ்ஸல்ஸும் இந்த விதிகளைத் தளர்த்திய விண்ட்சர் உடன்படிக்கை வந்தது. வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, அயர்லாந்துக் குடியரசுக்குள் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை. நல்ல முன்னேற்றம்தான்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. சண்டையின் வேர் வரி அல்ல. 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிரிட்டனும் ஒன்றியமும் முடித்த வர்த்தக ஒப்பந்தத்திலேயே, இங்கோ அங்கோ உற்பத்தியான பொருளுக்கு வரி கிடையாது என்றாகிவிட்டது. வேர் உணவு, செடி, கால்நடை விதிகள். அவற்றில் மட்டும் ஒன்றியத்தோடு ஒத்துப்போனால் பெரும்பாலான சோதனைகள் தேவைப்படாது. 2021இலேயே ஒன்றியம் இதைச் சொன்னது. இறையாண்மை போய்விடும் என்று லண்டன் மறுத்தது. 2025 மே 19 அன்று, அப்போது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஸ்டார்மரின் அரசு அதே வழியில் பேச ஒப்புக்கொண்டது. நடுவில் போன நான்கு வருடத்தில், பிரிட்டனிலிருந்து சரக்கு எடுத்துக்கொண்டிருந்த சின்னக் கடைக்காரர்களுக்கு யார் ஈடு கொடுப்பது?

பெல்ஃபாஸ்ட், டெரி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். லண்டன், பர்மிங்ஹாம் மொத்த வியாபாரிகள் உங்களுக்கு மறுபடி சரக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்களா? எந்தப் பொருள் இன்னும் வருவதில்லை?