அங்கீகாரம் சும்மா வரவில்லை

பிரீமேசன் என்ற பழைய சகோதரச் சங்கத்தின் வெள்ளையர், கறுப்பர் லாட்ஜுகள் (கிளைகள்) அமெரிக்காவில் இன்று சேர்ந்து விருந்து நடத்துவதை உங்கள் கட்டுரை பாராட்டுகிறது, சரி, ஆனால் இதற்கு எத்தனை வருஷம் ஆனது என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே! பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பரும் இன்னும் 14 கறுப்பர்களும் 1775-லேயே பாஸ்டனில் சேர்ந்தவர்கள். சேர்த்துக்கொண்டது ஊர் வெள்ளையர் லாட்ஜ் இல்லை, அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையோடு வந்த லாட்ஜ். அப்புறம் தனி லாட்ஜ் நடத்த அனுமதி கேட்டு லண்டனுக்கு எழுதிப்போட்டு, 1784 தேதியிட்ட அனுமதிச் சாசனம் கடல் தாண்டிக் கைக்கு வர 1787 ஆகிவிட்டது. அந்தத் தாள் கையில் இருந்தும் ‘நீங்கள் முறையான லாட்ஜ் இல்லை’ என்ற பேச்சு ஓயவில்லை.

ஆள் சேர்க்கும் விதத்தையும் பாருங்கள். பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்கள், யார் எதைப் போட்டார் என்று தெரியாது, பல லாட்ஜுகளில் ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலே ஆள் வெளியே. விதிப்புத்தகத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதத் தேவையே இல்லை!

1898-இல் வாஷிங்டன் மாநில வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜுகளின் தலைமை அமைப்பு) கொஞ்சம் இறங்கி வந்து கறுப்பர் லாட்ஜுகளை அங்கீகரித்தது, உடனே மற்ற மாநிலத்துக்காரர்கள் உறவை முறித்துக்கொள்ள, அதுவும் பின்வாங்கிவிட்டது. நிலைத்து நின்ற அங்கீகாரம் 1989-இல் கனெக்டிகட்டில்தான். தென் மாநிலங்கள் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இழுத்தடித்தன. விருந்துப் படம் போட்ட நீங்கள் அந்தப் பழைய சாசனத்தின் படத்தையும் போட்டிருக்கலாம், அது இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது.