அஞ்சு ரூபாய்ப் புளி

நேற்று சாயங்காலம் தெருமுனை மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்றவள் வாங்கிய சாமான் இவ்வளவுதான்: பத்து ரூபாய் எண்ணெய்ப் பாக்கெட் ஒன்று, அஞ்சு ரூபாய்க்குப் புளி, பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், அஞ்சு ரூபாய் டீத்தூள், ஒரு ரூபாய் ஷாம்பு ரெண்டு. மொத்தம் 32 ரூபாய். சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நானும் அதையே கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். புளி 22 கிராம். கணக்குப் போட்டால் கிலோ 227 ரூபாய் ஆகிறது. அதே கடையில் கிலோவாகக் கேட்டால் 160தான். எண்ணெய்ப் பாக்கெட்டில் 50 மில்லி. அப்படியென்றால் லிட்டர் 200 ரூபாய். லிட்டர் பாக்கெட்டாக எடுத்தால் 145. அவள் வீட்டுக்கு மாதம் ரெண்டு லிட்டர் ஆகும். எண்ணெயில் மட்டும் 110 ரூபாய் கூடுதல். புளி, மிளகாய்த்தூள், டீத்தூள் எல்லாம் சேர்த்தால் மாதம் 250 ரூபாய்க்குக் குறையாது. வருசத்துக்கு 3,000. கூலிக்குப் போகிற வீட்டில் 3,000 ரூபாய் என்பது எத்தனை நாள் வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

(ஷாம்பு மட்டும் இதில் சேராது. ஒரு ரூபாய் பாக்கெட்டுதான் பெரும்பாலும் பாட்டிலைவிட மலிவு, நானே மில்லிக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சின்னது எல்லாமே ஏமாற்று என்று சொல்லவும் முடியாது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கிராமுக்கு, மில்லிக்கு என்ன விலை என்று இப்போது அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.)

முகநூலில் சிக்கனம் பற்றி வாரத்துக்கு ஒரு பதிவாவது கண்ணில் படுகிறது. மாதச் சாமானை ஒரே தடவையாக வாங்குங்கள், பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், பசியோடு கடைக்குப் போகாதீர்கள். எழுதுகிறவர்கள் நல்ல மனசோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் ஒண்ணாம் தேதி மொத்தமாகச் சம்பளம் விழுகிற வீட்டுக்கு எழுதியது அது. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் காரிமங்கலம் பக்கத்தில் பாதி வீடுகளில் பணம் அப்படி வருவதில்லை. கூலியாக வரும், பால் காசாக வரும், ஓசூர் கம்பெனிக்குப் போன பையன் அனுப்பினால் வரும்.

நான் அவளிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், ஏன் லிட்டராக எடுக்கக் கூடாது என்று. அவள் சொன்னது:

"மொத்தமா வாங்கினா மிச்சம்னு எனக்குத் தெரியாதாக்கா? திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கெல்லாம் தவணைக்காரர் வந்து உக்காந்துக்கறாரு. ஞாயித்துக்கெழம கையில இருக்கற காச கடையில குடுத்துட்டா, திங்கக்கெழம நான் எவ வூட்டு வாசல்ல போயி நிக்கறது?"

அதற்கப்புறம் நான் யாருக்கும் 'மொத்தமாக வாங்கு' என்று சும்மா சொல்வதில்லை. ஏழை வீட்டில் ஊதாரித்தனம் இருப்பதால் காசு கரைவதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் ரூபாய் கையில் இல்லாததால் கரைகிறது. சிக்கனம் என்று பேசுகிறவர்கள் அந்த ஆயிரத்துக்கு வழி சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லட்டும்.

வழி இந்த மண்ணிலேயே இருந்ததுதான். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது எங்களோடு ஒரே மாவட்டம். 2004இல்தான் தனியாகப் பிரிந்தது. என் அம்மா கொஞ்சம் பின்னால் ஒரு குழுவில் சேர்ந்தார். வாரம் அஞ்சு ரூபாய். முதலில் சேமிப்பு, கடன் எல்லாம் அப்புறம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் அந்த நோட்டுக்காகவே தன் பேரை எழுதக் கற்றுக்கொண்டார். இன்றைக்குக் குழு என்றாலே லோன் என்று ஆகிவிட்டது. சேர்ந்த அன்றைக்கே எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்கள், கொடுக்கிறவர்களும் அதையேதான் சொல்லி அழைக்கிறார்கள். சேமிக்கக் கற்றுக்கொடுத்த வாரக் கூட்டம் தவணை கட்டுகிற கூட்டமாக மாறிப்போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

எங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்து ஒன்று செய்கிறோம். வாரம் வீட்டுக்கு 50 ரூபாய். ஆடிக் கடைசியில் ஆரம்பித்தால் தை முடிய 26 வாரம், 7,800 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் 15ஆம் தேதி வாக்கில் வருகிற வீடுகள் அதிலிருந்து நாலு வாரத்துக்கும் சேர்த்து 200 ரூபாயை முதலிலேயே கொடுத்துவிடுவார்கள். பணத்தை வெளி ஆளிடம் கொடுப்பதில்லை. முன்பு ஒரு தீபாவளிச் சீட்டில் 6,000 ரூபாய் கட்டினோம், சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். பாத்திரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. அதனால் இப்போது ரெண்டு பேர் பெயரில் அஞ்சலகக் கணக்கு. நோட்டு எந்த வீட்டிலும் நிரந்தரமாக இருக்காது, வாரம் ஒரு வீடு போகும்.

மாசி பிறந்ததும் வாங்குவோம். இந்தப் பக்கம் புளிக்குப் பேர்போன பக்கம். தையில் உலுக்க ஆரம்பித்தால் பங்குனி வரைக்கும் வரத்து இருக்கும். போன மாசியில் ஓடு தட்டின, கொட்டை எடுக்காத புளி கிலோ 70 ரூபாய்க்கு 40 கிலோ எடுத்தோம். மிளகாய் 160 ரூபாய்க்கு 12 கிலோ. கொள்ளு 60 ரூபாய்க்கு 25 கிலோ. வண்டி வாடகை 400. எல்லாம் சேர்த்து 6,620. மீதி 1,180 ரூபாய் அடுத்த வருசக் கணக்குக்கு முதல்.

புளிக்குக் கொட்டை எடுக்கிற வேலை ரெண்டு நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்கை விரித்து ஆறு பேரும் உட்காருவோம். புளியை விரலால் பிளந்து, அரிவாள்மணையின் முனையில் வைத்து ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு தள்ளு. கொட்டை தனியாக முறத்தில் விழும், நாரை இழுத்துப் போட்டுவிட வேண்டும். அரை மணி நேரத்தில் நகக்கண் எல்லாம் எரியும், விரல் கறுத்துப்போகும். கொட்டை எடுத்ததை ஒரு நாள் வெயிலில் காட்டி, மண்பானையில் ஒரு அடுக்குப் புளி, ஒரு கை கல்லுப்பு என்று கையால் அழுத்தி அழுத்தி வைப்போம். உப்பில் கஞ்சத்தனம் கூடாது. ஐப்பசி மழைக்கும் பூச்சி வராமல் காப்பது அதுதான். 40 கிலோவில் 22 கிலோ சதை தேறியது. கிலோ 127 ரூபாய் அடக்கம். கடையில் 22 கிராம் கிழித்துக் கொடுக்கிற விலையில் ஏறக்குறைய பாதி.

முதல் வருசம் மிளகாயில் தவறு செய்தோம். பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது, காம்பை ஒடித்துப் பார்க்காமல் டிரம்மில் கொட்டி மூடிவிட்டோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ரெண்டு கிலோ உள்ளே வெள்ளை பூத்துக் கிடந்தது. அதைத் திரும்ப வெயிலில் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தர் சொன்னார். செய்யாதீர்கள். அந்தப் பூஞ்சை விடுகிற நஞ்சு வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் போகாது. ரெண்டு கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தோம். இப்போது காம்பு சொடக்கென்று ஒடிந்தால்தான் டிரம்முக்குள் போகும்.

தக்காளிக்கு இந்த ஏற்பாடு வேண்டாம், கண் திறந்திருந்தால் போதும். தக்காளி விளைகிற பாலக்கோடும் ராயக்கோட்டையும் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தெரியும், 2023இல் கிலோ நூறைத் தாண்டிப் போன அதே தக்காளி விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படும். அப்படி விழுகிற வாரத்தில் ஒரு பெட்டி எடுத்து, வட்டமாக நறுக்கி உப்புத் தூவி மூன்று நாள் வெயிலில் போட்டால் வத்தல். ரசத்துக்கு நாலு துண்டு போதும். விலை விழுந்த நேரத்தில் உழவர் சந்தையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் இன்னும் ரெண்டு ரூபாய் குறை என்று பேரம் பேசுவது சிக்கனத்தில் சேராது. அதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விலை அச்சடித்த பாக்கெட்டுக்கு வாய் திறக்காமல் கொடுக்கிறோம் இல்லையா?

ரேஷன் பற்றிச் சுருக்கமாக. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி இலவசம். எங்கள் மாவட்டத்தில் 2023 முதல் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதில் ரெண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். இதை வாங்குவதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, கடையில் பருப்புக்கு மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். கால் படி நொய்யைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி உருண்டை பிடித்தால் நாலு பேர் வயிறு நிறையும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல். நம் தாத்தா பாட்டி வேறு என்ன சாப்பிட்டார்கள்?

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே கிடைத்துவந்த சலுகையும் சேர்ந்து போகும். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை நீங்களே ஒரு தடவை பாருங்கள்.

இனி, எதில் கைவைக்கக் கூடாது என்பது. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம். என் அம்மா பல்லில் பழுப்புக் கறை சின்ன வயசிலிருந்தே உண்டு. அவர் வயசுக்காரர்கள் பலர் ஐம்பதைத் தாண்டினதும் முட்டி மடக்க முடியாமல், முதுகு நிமிராமல் நடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? 2013இலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனால் குழாய் தினமும் வராத தெருக்களில், கேன் வாங்கினால் காசு என்று போர் தண்ணீரையே காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். குழாய்த் தண்ணீர் வருகிற அன்றைக்கு நாலு குடம் குடிக்க, சமைக்க என்று தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். தீர்ந்துபோனால் கேன் வாங்குங்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் போதும். எட்டு வயசுக்குள் பிள்ளைக்கு ஏறின பல் கறை தேய்த்தால் போகாது.

அப்புறம், பெண்கள் தட்டு. என் அம்மா முட்டை வாங்கினால் வீட்டில் இருக்கிற ஆளைவிட ஒன்று குறைவாகத்தான் வாங்குவார். "எனக்கு முட்டை வாடை ஆகாது" என்பார். ஆகாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்து, அம்மா வந்து என்னோடு இருந்த மாதத்தில் அவருக்கும் ஒன்று வேகவைத்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் உப்பும் மிளகும் தூவி முழுசாகச் சாப்பிட்டார். முப்பது வருசம் எங்கள் வீட்டுச் சிக்கனம் யார் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆறு வீட்டுக்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம்: கொள்ளிலும் புளியிலும் மிச்சமாகிற காசில் முதலில் முட்டை, அதுவும் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை.

நேற்று ராத்திரி அவள் வீட்டுக்குப் போனேன், அந்த 32 ரூபாய்க்காரி. ஏழாவது வீடாகச் சேருகிறாயா என்று கேட்டேன். சேருகிறேன் என்றாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தவணை கட்ட முடியாத வாரம் வந்தா அந்த அம்பது ரூபாய நான் தள்ளிப் போடலாமாக்கா?" எங்கள் நோட்டில் அப்படி ஒரு வழக்கம் இதுவரை இல்லை. மற்ற ஐந்து பேரில் மூன்று பேர், ஒருத்திக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டிவரும் என்கிறார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தள்ளிப் போட்டதை மாசிக்குள் கட்டினால் போதும் என்று எழுதிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வருகிற செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய்வந்து சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். உங்கள் ஊரில் இந்த மாதிரி சேர்ந்து வாங்குகிறவர்கள் இருந்தால், இதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.