டவுன்லோடுக்கு டவுன்லோடு யூனிட்டி காசு பிடிக்குமா?

"யூனிட்டியில் கேம் செய்தால் ஒவ்வொரு டவுன்லோடுக்கும் பணம் கட்டணும். கோடாட்டில் செய்ததை விற்கவே முடியாது." புதுச்சேரி, கடலூர் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்த இரண்டுமே தவறு. யூனிட்டி, கோடாட் இரண்டும் கேம் செய்ய உதவும் மென்பொருள்கள், அதாவது கேம் எஞ்சின்கள்.

முதலாவது, பழைய செய்தியின் மிச்சம். இன்ஸ்டால் கட்டணத்தை யூனிட்டி 2023 செப்டம்பரில் அறிவித்தது உண்மைதான். அப்போதுகூட, இலவசப் பதிப்பில் 12 மாதத்தில் 2 லட்சம் டாலர் வருமானம், மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டால் என இரண்டையும் தாண்டினால்தான் அது பொருந்தும். முதல் கேம் செய்பவருக்கு அது எட்டாத உயரம். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே கேம்களுக்கு ரத்து செய்துவிட்டார்கள்.

இரண்டாவதும் தவறு. கோடாட் எம்ஐடி உரிமத்தில் வருகிறது; யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமம் அது. தாராளமாக விற்கலாம், விற்பனையில் பங்கு தரும் ராயல்டி கிடையாது. அதன் உரிம வாசகத்தை மட்டும் கேமோடு சேர்க்க வேண்டும். கிரெடிட்ஸ் திரையில் போட்டால் போதும்.

"கோடாட் என் லேப்டாப்பில் ஓடவே இல்லை" என்பவர்கள் பெரும்பாலும் பழைய கிராபிக்ஸ் சிப் வைத்திருப்பவர்கள். கோடாட் 4-இல் திரையில் படம் வரையும் முறைகளில் (ரெண்டரர்) ஒன்றான ஃபார்வர்டு பிளஸுக்கு வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் வசதி வேண்டும். புதிய புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரரில் 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். அது ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் வசதியில் ஓடும். 2டி கேமுக்கு அதுவே தாராளம்.

செலவு வருவது வேறு இடத்தில். பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். எந்த எஞ்சினானாலும் இதுதான் விதி.