கிராணியைக் கேட்காமல் விருந்தாளி வந்தால்

சென்ற வாரம் என் அண்ணன் மகன் என் கடைக்கு வந்து, "அரசாங்கம் நம் வாழ்க்கையைவிட்டு விலகி நின்றாலே போதும் அத்தை, மனிதன் தானாகச் சுதந்திரமாக இருப்பான்" என்றான். அவன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வடையும் அப்பமும் விற்கும் அவனுடைய சிறு கடையின் உரிமத்தைப் புதுப்பிக்க மூன்று முறை அலைந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தாள் கேட்கிறார்கள். நானோ இந்தப் பட்டணத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறவள். படிவம் நிரப்பித் தருவது என் பிழைப்பில் பாதி என்பதால், அரசாங்கத்தைப் பற்றிய குறையைக் கேட்காத நாள் எனக்கு வாய்ப்பதில்லை. இருந்தும் அவன் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோது நகலெடுக்க ஆள் வந்துவிட்டதால், விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

அரசாங்கம் விலகி நின்ற இடத்தில்தான் நான் பிறந்தேன். மலேசியாவின் வட பேராக்கில் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டம். வாசலில் குறுக்கே தொங்கும் சங்கிலிக்கு உள்ளே எல்லாம் தனியார் நிலம் என்பதால், சாலையோ தெருவிளக்கோ குப்பையோ வெளியிலிருந்த எந்த ஊராட்சி மன்றத்தின் பொறுப்பும் ஆகவில்லை. இரவு பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்தினால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதும் இருண்டுவிடும். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கும் அப்பாவின் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழுந்தால்தான் அன்றைய கூலி. வீடும் தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போய்விடும். வரி கேட்டோ உரிமம் கேட்டோ ஒருவரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. என் மருமகன் ஆசைப்படும் அந்தத் தலையீடற்ற வாழ்வு எங்களுக்கு முழுமையாகவே கிடைத்திருந்தது.

ஆனால் சித்தியவானிலிருந்து பெரியம்மா வந்து இரண்டு இரவு தங்க வேண்டுமென்றால், அப்பா முன்கூட்டியே தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் சொல்லியாக வேண்டும். ஒரு பொங்கலுக்கு அவர் சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் காலையில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெரியம்மா ஒரு சொல்லும் பேசாமல் துணிப்பையை எடுத்துக்கொண்டார். அம்மா முந்தின நாள் பொங்கலை வாழையிலையில் மடித்துக் கொடுக்க, அதை முந்தானையில் முடிந்தபடி செம்மண் சாலையில் நடந்து போனதை நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது 1975ஆம் ஆண்டு. நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரும் உரிமையைக் குடிமகனுக்குத் தரும் அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு எழுதப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பிரிவு அரசாங்கத்தின் கையைத்தான் கட்டியது. கிராணியின் கையைக் கட்ட அங்கே யாரும் வரவில்லை.

இந்தக் குறை எங்கள் தோட்டத்தோடு தொடங்கியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டதோடு நிற்கவில்லை. உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்தில் சைக்கிளையும் வைத்த அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம், தனிமனிதச் சுதந்திரம் என்பது படித்தவர்கள் மட்டும் பேசும் பேச்சு என்று சொல்பவர்கள்மேல் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அன்றைய அரசாங்கம் அவர்களுக்கு என்ன செய்தது என்று மருமகன் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, அரசாங்கம் முள்கம்பியோடு வந்து இறங்கியது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் வாழ்ந்த சீனர்கள் இலட்சக்கணக்கில் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காகப் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். என் பாட்டி வெறும் வயிற்றோடு பால் வெட்டிவிட்டு, திரும்பி வந்துதான் சாப்பிட்டதாகச் சொல்வார். அந்த அரசாங்கத்தைப் பார்த்த ஒருவர் "விலகிப் போ" என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆகவே அரசாங்கம் பெரிதா சிறிதா என்ற கேள்வியில் எனக்கு அக்கறை குறைவு. கிராணி பெரியம்மாவைத் திருப்பி அனுப்பியபோதும், காவலர் பாட்டியின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தபோதும், "ஏன்" என்று கேட்க ஓர் இடம் இல்லை. ஒன்று அரசாங்கம் இல்லாததால் வந்த அடிமைத்தனம், மற்றது அளவுக்கு மீறி இருந்ததால் வந்தது. அனுபவித்தவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி வலித்தன. தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும் 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. 2013இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. இவை போதுமா என்பது வேறு பேச்சு. தோட்டத்து ஆபீசைத் தாண்டிப் போய் முறையிட ஓர் இடம் உண்டு என்ற நிலைக்கு இவை வலு சேர்த்தன.

அரசாங்கத்தின் கண்ணில் படாமலே வாழ்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு என் வாடிக்கையாளர் ஒருவரே சாட்சி. எழுபதைத் தாண்டிய அந்த அம்மா இந்த நாட்டிலேயே பிறந்தவர். லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க யாரும் மெனக்கெடாததால் இன்றும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டைதான். ஒரு பழைய மைலோ டின்னில் கணவரின் இறப்புச் சான்றிதழையும் மடித்து மடித்துக் கிழிந்துபோன சம்பளச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு வருவார். நான் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக விரித்து நகலெடுக்கும்வரை டின்னின் மூடியைக் கையிலேயே பிடித்திருப்பார். அவருக்கு ஓட்டு இல்லை. அவரை அரசாங்கம் தொந்தரவு செய்ததே இல்லை.

மருமகனின் உரிமத்துக்கு வருகிறேன். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றாக முடிவு கட்டியது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கும் அவனுக்கு, கடை எங்கே போடலாம், எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று முடிவு செய்யும் மன்றத்தில் வாக்களித்து நீக்கக்கூடிய ஒருவர்கூட இல்லை, எல்லாரும் நியமிக்கப்பட்டவர்கள். அவன் கோபப்பட வேண்டியது இதற்காக. மன்றமே வேண்டாம் என்றால், பக்கத்துக் கடைக்காரர் தன் மேசைகளை இழுத்துப் போட்டு இவன் வழியை மறிக்கும் நாளில் யாரிடம் போய் நிற்பான்?

எனக்கும் இதில் ஒரு நெருடல் உண்டு. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது என்றதை நான் முணுமுணுக்காமல் ஏற்றேன்; நோய் அப்படி. ஆனால் 2021 ஜனவரியில் அவசரகாலம் அறிவித்து நாடாளுமன்றத்தையே மாதக்கணக்கில் கூடவிடாமல் வைத்தபோது, கடையில் தனியே உட்கார்ந்திருந்த எனக்குப் பாட்டியின் தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது.

நாளைக் காலையில் மருமகன் நான்காவது முறையாகப் படிவத்தோடு வருவான். இந்த முறை, உரிமம் தாமதமாவதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு ஒரு கடிதமும் இணைத்து, அதன் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். நகலுக்குக் காசு வாங்கப் போவதில்லை.