ஒன்பது பேர் கூடினால் வீண் செலவா?

நம் பல்கலைக்கழக நிதிக்குழுவின் கடிதத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். தென்கிழக்காசிய ஆய்வு மாணவர்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்துக்கு இந்த ஆண்டு நிதி கிடையாதாம். சராசரி வருகை ஒன்பது பேர்தான் என்பது காரணம். "நண்பர்கள் சந்திப்புக்குப் பல்கலைக்கழகம் செலவிட இயலாது" என்ற வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஒன்பது பேர் என்பது குறையே அல்ல. ஒரு பிராந்தியத்தின் மொழியைக் கற்று அதன் ஆவணங்களில் மூழ்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். வரலாற்றில் ஒருவர், மானிடவியலில் ஒருவர், மொழியியலில் இருவர் என்று சிதறிக்கிடக்கும் அவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது இந்த வட்டம். தலையை எண்ணி இதை அளக்க முடியாது.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில், டச்சு ஆட்சிக்கால ஜாவா கிராமங்களைப் பற்றி ஓர் இயல் எழுதி வட்டத்தில் வாசித்தேன். மொழியியல் மாணவி ஒருவர் கேட்டார்: "இந்தக் கிராம எல்லையை வகுத்தது ஊர்க்காரர்களா, வரி வசூலித்தவர்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். அந்த இயலை நெறியாளர் இருமுறை படித்து ஒப்புதல் அளித்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"பேராசிரியர்களே நடத்தட்டுமே" என்பவர்களுக்கு: நெறியாளர் முன்னால் "எனக்கு இது புரியவில்லை" என்று எந்த ஆய்வு மாணவர் வாய் திறப்பார்? "மரத்தடியில் கூடிப் பேசக் காசு எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். நகலெடுக்க, மொழிபெயர்க்க, வெளியூர் ஆய்வாளரை அழைக்கக் காசு வேண்டும். கணக்குக் கேட்பது நியாயம்தான். ஒவ்வோர் ஆண்டும் ரசீதோடு கொடுத்திருக்கிறோம்.

சிறு கூட்டங்களால் என்ன ஆகும் என்கிறீர்களா? 1958இல் அமெரிக்கா பிராந்திய ஆய்வுக்கு, அதாவது உலகின் ஒரு பகுதியின் மொழியையும் வரலாற்றையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு, சட்டம் போட்டுப் பணம் கொடுத்தது. தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற அதன் பெயரிலேயே பாதுகாப்பு இருந்தது. பத்தே ஆண்டுகளில், வியட்நாம் போரைக் கண்டும் துறையின் மூத்தவர்கள் வாய்மூடி இருப்பதைப் பொறுக்காத ஆய்வு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் தனியாகக் கூடினார்கள். அவர்கள் தொடங்கிய இதழ் பெயர் மாறி இன்றும் வருகிறது. வரலாற்றாசிரியர் ரணஜித் குஹாவைச் சுற்றி இங்கிலாந்தில் சில இளம் வரலாற்றாசிரியர்கள் பேசிக்கொண்டிருந்ததிலிருந்துதான் 1982இல், எளிய மக்களின் பக்கம் நின்று வரலாற்றை எழுதிய 'விளிம்புநிலை ஆய்வுகள்' நூல்வரிசையின் முதல் தொகுதி வந்தது. அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தா இன்று மதிக்கிறோம்?

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆறு ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் படித்துவிட்டு வந்தவர்களை, பொழுதுபோக்க வந்தவர்கள் என்று எழுதிவிட்டார்களே! அந்த மொழியியல் மாணவியும் நானும் நண்பர்கள்தான். அந்த நாற்பது பக்கங்கள் போன பிறகுதான் நண்பர்கள் ஆனோம்.