முதல் டீயில் பேரம் பேசாதீர்கள்

நண்பர்களுக்குள் சின்னப் பந்தயம் வைத்து கோல்ஃப் ஆடுபவர்கள் எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள்: "உனக்கு எதுக்குடா இத்தனை ஸ்ட்ரோக்?" குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கும் ஆட்டம் இது. அதனால் சுமாராக ஆடுபவருக்கு அவருடைய ஹேண்டிகேப் எண்ணைப் பார்த்து, ஸ்கோரில் கழித்துக்கொள்ளக் கொடுக்கும் சலுகை அடிகள்தான் ஸ்ட்ரோக் (எண் பெரிதானால் ஆட்டம் சுமார் என்று அர்த்தம்). பேரம் நடப்பது ஆட்டத்தைத் தொடங்கும் இடமான முதல் டீயில். நியூ ஜெர்சியில் எங்கள் வார இறுதி ஆட்டத்திலும் இதே கதைதான். பணம் பெரிதில்லை, ஐந்தோ பத்தோ டாலர். ஆனால் நன்றாக ஆடுபவர் ஜெயித்தால் அது திறமை, சுமாராக ஆடுபவர் ஜெயித்தால் அது ஏமாற்று என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கைப் பார்த்தால் அநியாயம் பெரும்பாலும் சுமாரான ஆட்டக்காரருக்குத்தான் நடக்கிறது.

ஹேண்டிகேப் என்றால் சராசரி ஸ்கோர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் சேரும். மீதி 12 சராசரிக்குள் வராது. அதாவது, நம் நல்ல நாளில் நாம் எப்படி ஆடுவோம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பெரும்பாலான நாட்களில் யாரும் அந்த அளவுக்கு ஆடுவதில்லை. பத்து ஹேண்டிகேப்காரர் தன் எண்ணைத் தவறவிட்டாலும் கொஞ்சம்தான் தவறவிடுவார். இருபத்துநான்கு ஹேண்டிகேப்காரர் சொதப்பினால் பயங்கரமாகச் சொதப்புவார். அதனால் ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது முழு வித்தியாசத்தையும் ஸ்ட்ரோக்காகக் கொடுத்தாலும் நல்ல ஆட்டக்காரருக்கே சாதகம் கொஞ்சம் மிஞ்சும். அதிலும் பேரம் பேசிக் குறைத்தால் என்ன நியாயம்?

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. ஸ்கோர் ஏற்றும் ஆப்பில் தெரியும் இண்டெக்ஸை (அந்தச் சிறந்த 8இலிருந்து வரும் எண்) அப்படியே கழித்து ஸ்ட்ரோக் கொடுப்பது. இண்டெக்ஸ் வேறு, அன்று ஆடும் கோர்ஸுக்கான ஹேண்டிகேப் வேறு. இண்டெக்ஸை அந்த டீயின் ஸ்லோப்பால் (சுமாரான ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்) பெருக்கி, பொதுவான ஸ்லோப்பான 113ஆல் வகுக்க வேண்டும். அதோடு கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (மிக நன்றாக ஆடுபவர் அங்கே எடுக்கும் ஸ்கோர்) பாருக்கும் (அந்த கோர்ஸுக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) உள்ள வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். ஸ்லோப் 135, ரேட்டிங்கும் பாரும் 72 என்று வைத்துக்கொள்வோம். 10.0 இண்டெக்ஸ்காரருக்கு 12 வரும், 24.0காரருக்கு 29. வித்தியாசம் 17. "பத்து, இருபத்துநாலு, சரி பதினாலு வாங்கிக்கோ" என்று முதல் டீயில் முடித்துவிட்டால் பந்தை அடிப்பதற்கு முன்பே அவருக்கு மூன்று ஸ்ட்ரோக் போய்விட்டது. கோர்ஸ் கடினமாக ஆக, சுமாரான ஆட்டக்காரர்தான் அதிகம் திணறுவார். ஸ்லோப் என்ற எண் வந்ததே அதற்காகத்தான்.

"பார் த்ரீயில் (மூன்றே அடிக்கான சின்ன ஹோலில்) ஸ்ட்ரோக் கிடையாது" என்று பல குழுக்களில் ஒரு விதி உண்டு, முக்கியமாக ஒவ்வொரு ஹோலுக்கும் தனிப் பந்தயம் வைக்கும் ஸ்கின்ஸ் ஆடும்போது. சின்ன ஹோலில் ஒரு ஸ்ட்ரோக் என்பது ரொம்பப் பெரிது என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 17 ஸ்ட்ரோக் பதினெட்டு ஹோலையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஒரு கோர்ஸில் நான்கு பார் த்ரீ ஹோல்களுக்கும் 15 முதல் 18 வரை ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (1 முதல் 18 வரை, எந்த ஹோலில் முதலில் ஸ்ட்ரோக் தர வேண்டும் என்ற வரிசை எண்) கொடுத்திருந்தால், 17 வாங்குபவர் மூன்றை இழப்பார். பத்து வாங்குபவர் ஒன்றைக்கூட இழக்க மாட்டார். எல்லோருக்கும் பொது விதி என்று சொல்லி ஒருவர் பையில் மட்டும் கை வைப்பது இது.

சாண்ட்பேகர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நல்ல ஸ்கோரை ஆப்பில் ஏற்றாமல் மறைத்து, மோசமானதை மட்டும் ஏற்றி, எண்ணை வீங்க வைத்துக்கொள்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களோடு பந்தயமே வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் டீயில் ஒரு முல்லிகன் (கணக்கில் சேராத மறு அடி), ஆறடி புட்டுக்கு ஒரு கிம்மி (குழிக்குள் அடிக்காமலே போனதாக விட்டுவிடுவது), காட்டுக்குள் போன பந்துக்குப் பெனால்டி இல்லாமல் இன்னொன்று. 94 என்று எழுத வேண்டியது 87 ஆகிவிடும். இப்படி வந்த 12 ஹேண்டிகேப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருவர் இருவராக ஆட வந்தால், பணம் அவர் பையிலிருந்து மட்டும் போவதில்லை, பார்ட்னர் பையிலிருந்தும் போகிறது. என்னைக் கேட்டால் இதுவும் சாண்ட்பேகிங் அளவுக்கு மோசம்தான்.

அணியாக ஆடும்போது மட்டும் கணக்கு கொஞ்சம் திரும்பும். இருவரில் சிறந்த ஸ்கோர் எண்ணப்படுவதால், ஒரு ஹோலில் பிரமாதம், அடுத்த ஹோலில் சொதப்பல் என்று ஆடுபவருக்கு லாபம். சொதப்பலைப் பார்ட்னர் மூடிவிடுவார். அதனால்தான் ஃபோர்பால் என்ற இந்த இருவர் அணி ஆட்டத்தில், ஹோல் ஹோலாக ஜெயிக்கும் மேட்ச் ப்ளேயில் ஹேண்டிகேப்பில் 90 சதவீதமும், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் 85 சதவீதமும் பரிந்துரைக்கிறார்கள். இந்தக் குறைப்பை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அதே 90ஐக் காட்டி, ஒருவருக்கு ஒருவர் ஆடும் மேட்சிலும் வெட்டுகிறார்கள் பாருங்கள், அது கூடாது. அங்கே 100 சதவீதம்தான்.

நாங்கள் அதிகம் ஆடுவது நாசோ. பக்கத்திலேயே லாங் ஐலண்டில் நாசோ கன்ட்ரி கிளப்பில் 1900 வாக்கில் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆட்டம்: முன் ஒன்பதுக்கு ஒரு பந்தயம், பின் ஒன்பதுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. முன் ஒன்பதில் தோற்றவுடன் "பின் ஒன்பதுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் குறைச்சுக்கலாம்" என்று ஆரம்பிப்பவர்களை ஒருமுறை கண்டிப்பாக நிறுத்துங்கள். எத்தனை ஸ்ட்ரோக், எந்தெந்த ஹோலில் என்பதை முந்தின நாள் இரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் நால்வரின் ஸ்கோரும், யார் ஜெயித்தாலும் தோற்றாலும், அங்கேயே உட்கார்ந்து ஆப்பில் ஏற வேண்டும். யாருக்காவது எண் தப்பாக இருந்தால் அடுத்த சில ரவுண்டுகளில் அதுவே நகரும். அதற்குள் அவரைத் திட்ட வேண்டாம்.

உங்கள் குழுவில் பார் த்ரீ விதி இருக்கிறதா? இருந்தால் அதைக் கொண்டு வந்தவரின் ஹேண்டிகேப் என்ன என்று கமெண்டில் சொல்லுங்கள்.